பொத்தானுக்குப் பின்னால் இருந்த எண்

பள்ளியில் அவரை எல்லாரும் பூகோளம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பூகோளம் நடத்துவதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பார்த்து வைத்த பெயர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நல்ல மனிதர். காலையில் கண்மூடி ஒரு நிமிடம் கும்பிடாமல் வாசற்படி தாண்ட மாட்டார். யார் மனதையும் நோகடிக்காதவர் என்று பெயரெடுத்தவர். அப்படிப் பெயரெடுத்தவர்களுக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றும் கவலையும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

பள்ளிக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று முடிவானபோது கணினி ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். "மேப்புல மலையையும் நதியையும் இடம் மாறாம வைக்கிறவர் நீங்க, ஒரு பக்கத்துல நாலு படம் வைக்க மாட்டீங்களா?" என்று தலைமையாசிரியை வேலையை இவர் தலையில் கட்டிவிட்டார்.

பயந்துகொண்டே உட்கார்ந்தார். ஆனால் இணையப் பக்கம் அமைக்க உதவும் அந்த எடிட்டர் குழந்தை விளையாட்டு மாதிரி இருந்தது. தலைப்பு, படம், பத்தி, பொத்தான் என்று இடது ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியதை இழுத்து வந்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும். பள்ளி வாசலின் படம், பள்ளி நேரம், பிள்ளைகள் வரைந்த இரண்டு ஓவியங்கள், கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். பொத்தானின் மேல் "அலுவலகத்தை அழைக்க" என்ற வார்த்தைகளும் பள்ளியின் தொலைபேசி எண்ணும். பெற்றோர் எண்ணை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம், பொத்தானைத் தொட்டாலே மணி அடிக்கும். பக்கம் வெளியான அன்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள். பூகோளம் சாருக்கு அந்தக் கைதட்டல் இரண்டு நாள் காதிலேயே இருந்தது.

மூன்றாவது வாரம் புகார் வர ஆரம்பித்தது. "ஸ்கூலுக்குப் போன் பண்ணினா ஒரு பொம்பளை தூக்கக் கலக்கத்துல எடுத்து ராங் நம்பர்னு சொல்லி வெச்சிடறாங்க" என்றார் ஒரு தாய். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். சில நாளில் மொத்தம் பதினொரு பேர்.

பள்ளியில் தொலைபேசி எடுப்பது ஒரே ஒருத்தி. ஆபீஸ் அக்கா என்று பெரியவர் சின்னவர் எல்லாரும் கூப்பிடும் அலுவலக உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து இந்த மாதக் கடைசியோடு ஒரு வருடம் முடிகிறது. தலைமையாசிரியை நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மாவை இரவெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவள். அவள் கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கருப்பு.

தலைமையாசிரியை தன் மேசையிலிருந்தே இணையப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, இலக்கம் இலக்கமாக அழுத்திப் பார்த்தார். அடுத்த அறையில் மணி அடித்தது. அக்கா எடுத்தாள்.

"நம்பர் சரியாத்தானே இருக்கு? நான் கூப்பிட்டா தேனா பேசறே, பெத்தவங்க கூப்பிட்டா ராங் நம்பரா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க மேடம்."

"பதினொரு பேரும் சேர்ந்து கனவு கண்டாங்களா?"

ஆசிரியர் அறை முழுக்கக் கேட்டது. பூகோளம் சாருக்கும் கேட்டது. 'பாவம்' என்று நினைத்துக்கொண்டார். பாவம் யாருடையது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை தெரிந்தது. அன்று வழியில் பேருந்து நின்றுவிட்டது. தாமதமாக வருவேன் என்று சொல்ல, கைப்பேசியில் தான் செய்த பக்கத்தையே திறந்து, கொஞ்சம் பெருமையோடு பச்சைப் பொத்தானைத் தொட்டார். நான்கு முறை மணி அடித்த பிறகு ஒரு பெண் குரல், தூக்கத்தின் அடியிலிருந்து எழும்பி வந்தது.

"ராங் நம்பர்ங்க. இது ஸ்கூல் இல்லை. நைட் டியூட்டி முடிச்சு இப்பத்தான் கண்ணை மூடினேன்."

அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார். மன்னிக்கணும் என்றுகூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கு வந்ததும் எடிட்டரைத் திறந்து பொத்தானைத் தொட்டார். ஓரத்தில் இரண்டு கட்டங்கள் விரிந்தன. மேல் கட்டம் பொத்தானில் தெரிய வேண்டிய எழுத்து. கீழ்க் கட்டம் தொட்டால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பது. முதல் நாள் பழகிப் பார்க்கும்போது கீழ்க் கட்டத்தில் கைக்கு வந்த பத்து இலக்கங்களைத் தட்டி வைத்திருந்தார். பிறகு பள்ளியின் எண்ணை மேலே மட்டும் எழுதிவிட்டு, கீழே இருப்பதை மறந்தே போனார். கண்ணுக்குத் தெரிந்தது பள்ளியின் எண். விரல் போய்ச் சேர்ந்தது எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம்.

திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்து இலக்கங்களை அழித்தார், சரியானதைப் போட்டார், வெளியிடு என்பதை அழுத்தினார். 'இனிமேல் புகார் வராது. வராவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அக்காவுக்கும் நல்லது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

புகார் நின்றது. ஒரு வாரம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த புதன்கிழமை தலைமையாசிரியை தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பார்த்தீங்களா சார்? ஒரு தடவை கத்தினேன், புகார் எல்லாம் பறந்து போச்சு. அப்ப இத்தனை நாள் வேணும்னேதானே பண்ணியிருக்கா? இவளை வேண்டாம்னு நிர்வாகத்துக்கு எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை அனுப்பணும்."

பூகோளம் சார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தப்பு செய்தபோதுகூட அவளுக்கு எதிராக யாரிடமும் ஆதாரம் இல்லை. திருத்தியபோதுதான் ஆதாரம் பிறந்திருக்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "சர்க்கரை கொஞ்சம் தூக்கல் மேடம்" என்று வந்தது.

வியாழக்கிழமை மதியம் அக்காவே அவரைத் தேடி வந்தாள். வகுப்பறை வாசலில் தயங்கி நின்றாள்.

"சார், நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பக்கத்தைச் செஞ்சீங்க. என்னால அதுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சுக்கங்க."

"நீங்க... நீங்கதான் சொல்லலைன்னு சொன்னீங்களேம்மா?"

"அப்படித்தான் நினைச்சேன் சார். ஆனா நான் திட்டு வாங்கினப்புறம் நின்னுடுச்சே. அம்மாவால ராத்திரி தூக்கமே இல்லை. உட்கார்ந்தபடியே கண்ணசந்து, என்னை அறியாம அப்படிச் சொல்லியிருப்பேனோ என்னமோ. இப்ப மணி அடிச்சாலே என் மேலேயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வேலையை மட்டும் எடுத்திருந்தால் இன்னொரு வேலை கிடைக்கும். அவள் தன் மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் அல்லவா எடுத்துவிட்டார்.

சாயங்காலம் கும்பிட உட்கார்ந்தார். கண்ணை மூடினால் வாசலில் நின்ற அந்த முகம்தான் வந்தது. பாதியில் எழுந்துவிட்டார்.

"சாமிகிட்டயே பாதியில எழுந்து வர்றீங்க, என்ன பண்ணினீங்க?" என்றாள் மனைவி. இருபது வருடம் கூட இருந்தவள், அதற்கு மேல் சுற்றி வளைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "ஆனா கண்டதும் துடைச்சுட்டேனே" என்றார்.

"என்னங்க நீங்க? நீங்க துடைச்சது கறையை இல்லை, சாட்சியை." சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அவளே மறுபடியும் சொன்னாள்: "காலையில போய்ச் சொல்லிடுங்க. மானம் போனா நாலு நாள்ல திரும்பி வந்துடும். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனா திரும்பி வராது."

வெள்ளிக்கிழமை முதல் மணிக்கு முன்னால் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். அக்காவையும் கூப்பிடச் சொன்னார். நின்றபடியே, மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

தலைமையாசிரியை மெதுவாகத் தலையசைத்தார். "உங்களைத் தெரியாதா சார்? இவ அழுதிருப்பா, நீங்க மனசு இளகிப் பழியைத் தலையில எடுத்துப் போட்டுக்கறீங்க."

நல்லவர் என்ற பெயர் அவருக்கு எதிராகவே வந்து நின்றது. அந்தப் பெயரை அன்றுதான் அவர் முதல்முறையாக வெறுத்தார்.

"இல்லை மேடம். பழைய பக்கத்தையும் அந்த எடிட்டர் பத்திரமா வெச்சிருக்கும். காட்டறேன்." மடிக்கணினியைத் திறந்தார். முந்தைய பதிப்புகள் என்ற பட்டியலில் போன வாரப் புதன்கிழமைக்கு முந்தையதைத் தேடி எடுத்து, மறுபடியும் வெளியிட்டார். "இப்ப உங்க கைப்பேசியில அந்தப் பொத்தானைத் தொடுங்க."

தலைமையாசிரியை தொட்டு, ஒலிபெருக்கியைப் போட்டார். அலுவலகத் தொலைபேசி மூச்சே விடவில்லை. எங்கோ ஓர் இடத்தில் மணி அடித்தது.

"ராங் நம்பர்மா... ஐயோ, ஒரு வாரமா நிம்மதியா தூங்கினேன், திரும்பவும் ஆரம்பிச்சுட்டீங்களா?" கொட்டாவி. "இது ஸ்கூல் இல்லைம்மா, ஆஸ்பத்திரியில நைட் வேலை பார்க்கிறவ நான். சரி, என்ன விஷயம்? குழந்தைக்கு உடம்பு முடியலையா?"

பூகோளம் சார்தான் குனிந்து பேசினார். "அம்மா, தப்பு என்னுது. உங்க நம்பரை நான்தான் தெரியாம எங்க பக்கத்துல போட்டுட்டேன். போன வாரம் பேசாம வெச்சவனும் நான்தான். மன்னிச்சுடுங்க."

"அதுக்கென்ன சார். யாராவது ஒரு அம்மா, பிள்ளை வந்துடுச்சா, ஜுரம் எப்படின்னு பதறிக்கிட்டுக் கூப்பிடுவாங்க. போனை அணைச்சு வெச்சா இன்னும் பயந்துடுவாங்களேன்னு எடுத்து ராங் நம்பர்னாவது சொல்லிடுவேன். அவ்வளவுதான். தூங்கட்டுமா?"

"தூங்குங்கம்மா. இனிமே அடிக்காது."

அவர் உடனே சரியான பக்கத்தைத் திரும்ப வெளியிட்டார். தலைமையாசிரியை இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் பக்கத்து அறையில் மணி அடித்தது. நிர்வாகத்துக்கு அனுப்ப வைத்திருந்த உறையை இழுப்பறையிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த தாளோடு நாலாகக் கிழித்தார். அக்காவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். "உட்காரும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா உட்காரவில்லை. பூகோளம் சாரைப் பார்த்து, "அப்ப நான் தூக்கத்துல உளறலையா சார்?" என்றாள்.

"இல்லைம்மா. ஒரு நாளும் இல்லை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு வாரம் சார்" என்றாள்.

"அந்தப் பதினொரு பேருக்கும் நானே கூப்பிட்டுச் சொல்லணும் மேடம்" என்றார் பூகோளம் சார். "காலைக் கூட்டத்துல கை தட்டு வாங்கினேன். அங்கேயும் சொல்லணும்."

முதலில் பெற்றோர். அக்காவின் மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, புகார் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் தாய் சிரித்தார். இரண்டாமவர், "ஒரு பொத்தான்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியவில்லைம்மா என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது எண்ணை அவசரத்தில் அழுத்தியபோது எடுத்தது ஒரு பேக்கரி. காது மடல் சிவக்க ரிசீவரை வைத்தார்.

இவ்வளவு நேரமும் ரசீதுகளைத் தைத்துக்கொண்டு நிமிராமல் இருந்த அக்கா, எட்டித் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நம்பரை நான் போடறேன், நீங்க பேசினா போதும். உங்களை நம்பி விட்டா இன்னும் எத்தனை பேரு தூக்கம் கெடுமோ சார்" என்றாள். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, வந்தும் வராமலும்.

பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அவள் ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து அழுத்தி, மணி அடிப்பதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.