சம்பந்தியின் ரோலர்

புல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் புல்லை எந்த மாடும் தின்றதில்லை. அவர் விரிப்பது பிளாஸ்டிக் புல். கடை வாசலோ மொட்டை மாடியோ, எங்கே கூப்பிட்டாலும் சுருளோடு கிளம்பிவிடுவார். தொழிலில் கறார். கூட வரும் ஆட்கள் ஓர் ஆணியைக் கோணலாக அடித்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டுவார், அடுத்த நிமிஷமே டீ வாங்கிக் கொடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும்படி ஆனது, அந்த வணிக வளாக வேலையில்தான்.

வளாகத்தின் நடுவே ஒரு முற்றம். சுற்றிலும் மூக்குக்கண்ணாடிக் கடை, பல் மருத்துவர், செல்போன் பழுது பார்க்கும் கடை, மாடியில் அலுவலகங்கள். முற்றத்தில் இருந்தது அசல் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் வளாகத்தின் பெண் மேலாளருடைய குதிகால் செருப்பு மாட்டி முறிந்து, அவர் வெறுங்காலோடு ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டி வந்த அன்றைக்கே புல்லுக்காரருக்கு ஆள் போனது.

"பச்சையா இருக்கணும், கால் புதையக் கூடாது. அவ்வளவுதான்," என்றார் மேலாளர்.

"இது களிமண்ணும்மா. அப்படியே மேல விரிச்சா தண்ணி கீழ இறங்காது, புல்லு பாய் மாதிரி மிதக்கும். தோண்டி எடுத்துட்டு, ஜல்லி கொட்டி, ரோலர் விட்டு அமுக்கித்தான் விரிக்கணும்."

ரோலருக்கு யாரைப் பிடிக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, சாலை போடும் நிறுவனமொன்றில் காலமெல்லாம் ரோலர் ஓட்டியவர். இப்போது வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு சின்ன ரோலர் வாங்கியிருந்தார்.

"முதல் வேலை உங்களுதா இருக்கணும்னு ஆசைப்படறேன் சம்பந்தி," என்றார்.

எப்படி மறுப்பது? போனை வைத்ததுமே மனைவி பிடித்துக்கொண்டாள். "அவரை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. உங்க வாய் எனக்குத் தெரியும். நம்ம பொண்ணு அந்த வீட்டுல வாழணும்."

மேல் மண்ணைத் தோண்டி அள்ளி, ஓரமாக வடிகால் பள்ளமும் வெட்டி முடித்த அன்று சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் முற்றம் பிசைந்து வைத்த மாவாகக் கிடந்தது. சம்பந்தி சலவைச் சட்டையில் வந்து ரோலர் மேல் ஏறி உட்கார்ந்தார்.

ஈரக் களிமண்ணில் ரோலர் விடக் கூடாது என்பது புல்லுக்காரருக்குக் கரதலப் பாடம். வேறு யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்து இறக்கியிருப்பார். இவரிடம், "கொஞ்சம் காயட்டுமேன்னு பாக்கறேன்," என்றார் மெல்ல.

"நான் ஓட்டாத ஈரமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் சம்பந்தி," என்று மீதியை மென்று விழுங்கினார்.

ரோலர் நடு முற்றம் வரை போனது. பிறகு உருளையில் களிமண் அப்பிக்கொண்டது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. "நல்லா ஓட்டறீங்க," என்றார் புல்லுக்காரர், மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டு. சம்பந்தி விசையைக் கூட்டினார். வண்டி வழுக்கிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் பக்கவாட்டில் சாயத் தொடங்கியது.

"யோவ், அறிவிருக்காய்யா உனக்கு? குதிய்யா கீழ!"

முற்றமே அதிர்ந்தது. சம்பந்தி குதித்தார். ரோலர் பள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றது. அத்தனை ஜன்னல்களிலும் தலைகள். பல் மருத்துவரிடம் வந்திருந்த ஒருவர், திறந்த வாயை மூடாமலே எட்டிப் பார்த்தார்.

புல்லுக்காரருக்கு மகள் முகம் கண்முன் வந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்ற சம்பந்தி, சட்டையைப் பார்த்தார், ரோலரைப் பார்த்தார், கடைசியாக இவரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் உங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் நீங்க என்கிட்ட பேசியிருக்கீங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க..."

"எதுக்கு எடுத்துக்கணும்? உசுரைக் காப்பாத்தின வாய் அது. சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன். உங்க வீட்டுக்கு வந்தா ஒரு செதுக்கு வேலை செஞ்ச நாற்காலியில உட்கார வைக்கிறீங்களே, அது முதுகை முறிக்குது."

"ஆமா, அதுல நாங்க யாரும் உட்கார மாட்டோம்."

"அப்புறம் எதுக்குய்யா என்னை உட்கார வைக்கிற?"

"நீங்க சம்பந்தியாச்சே."

இருவரும் சேற்றில் நின்றபடியே சிரித்தார்கள். ஜல்லி கொண்டுவந்த லாரியில் சங்கிலி கட்டி ரோலரை இழுத்து வெளியே விட்டார்கள். வெயிலில் மண் நன்றாக இறுகும் வரை யாரும் அதில் கால் வைக்கவில்லை.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பள்ளத்தில் துளையிட்ட குழாய் பதித்தார்கள். களிமண் மேலே ஏறி ஜல்லியோடு கலக்காமலிருக்கத் துணி விரித்தார்கள். ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட, சம்பந்தி ரோலரைப் பூப்போல ஓட்டினார். "வாட்டம் பத்தலைய்யா, தண்ணி குழாய்ப் பக்கம் எப்படிப் போகும்?" என்று அவர் ஒரு மூலையைக் காட்டிக் கத்தினார், ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. புல் சுருளை அவர் தலைமாற்றி விரித்தபோது புல்லுக்காரர் விடவில்லை. "எல்லாப் புல்லும் ஒரே பக்கம் சாயணும். இப்படிப் போட்டா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். எடுங்க அதை." சம்பந்தி முணுமுணுத்துக்கொண்டே திருப்பிப் போட்டார்.

மகளிடமிருந்து போன் வந்தது. "என்னப்பா செஞ்சீங்க? மாமா வீட்டுக்கு வந்து உங்களைப் பத்தியே பேசறாரு."

"என்னம்மா சொல்றாரு?" புல்லுக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உங்கப்பாவுக்கு எவ்வளவு பெரிய வாய்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. அத்தைக்கு ஒண்ணுமே புரியலை."

மூட்டுகளை ஒட்டி, மணல் தூவி, துடைப்பத்தால் நீவி முடித்ததும், மேலாளர் முன்னிலையில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்ச நேரம் பளபளத்தது, பிறகு இருந்த இடம் தெரியாமல் இறங்கிவிட்டது. மதியம் அலுவலக ஆட்கள் சாப்பாட்டு டப்பாக்களோடு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள்.

மேலாளருக்கு ஏகத் திருப்தி. வளாகத்தின் பின்பக்கத்தையும் காட்டினார். அங்கேயும் களிமண்தான்.

"இதுக்கு அரை அடி தோண்டினா போதும்," என்றார் சம்பந்தி.

"உங்களை யார் கேட்டா? இங்க தண்ணி தேங்கின தடம் தெரியலையா? ஒரு அடி."

"கண்ணைத் திறந்து பாருய்யா, இது மேடு."

மேலாளர் பதறிப்போய், "ஏதாவது சண்டையா?" என்றார்.

"இல்லம்மா, நாங்க சம்பந்திங்க," என்றார் புல்லுக்காரர். அளவு நாடாவின் ஒரு நுனியைச் சம்பந்தியின் கையில் திணித்தார். இருவரும் ஆளுக்கொரு கோடியாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.