வேரின் அடியில் காற்று

ரப்பர் விரிப்பை என் வாயின் மேல் இழுத்துச் சட்டத்தில் மாட்டியதும், "இப்பதான் வீடே அமைதியா இருக்கு" என்றார் கணவர். உதவியாளர் அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மரத்துப்போன உதடுதான் ஒத்துழைக்கவில்லை. பச்சை ரப்பரின் நடுவே என் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் வெளியே நின்றது. வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும். எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் நானே சொல்கிற விதிதான்.

ரூட் கெனாலுக்காகப் பல்லின் வேரைக் குடைந்து முடித்து, கணவர் கழுவும் மருந்தை ஊசிக்குழலால் உள்ளே விட்டார். வெறுமனே விட்டால் அது அடிவரை போகாது. அங்கே துளிக் காற்று சிக்கிக்கொண்டு வழிவிடாது. அதை எப்படிக் கலைப்பது என்பது எங்கள் பழைய சண்டை. அல்ட்ராசானிக் மெஷினின் முனை அதிர்ந்தால் மருந்து சுழன்று மூலைமுடுக்கெல்லாம் கழுவிவிடும் என்பார் அவர். நான் வேருக்குப் பொருந்துகிற மெல்லிய ரப்பர் குச்சியைக் கையால் மேலும் கீழும் அசைப்பேன். இந்த இரண்டு முறைகளையும் பிடுங்கிய பற்களில் ஒப்பிடும் ஆய்வு ஒன்றை, கல்யாணத்தோடு பாதியில் விட்டிருந்தேன். அதைத் தொடரச் சொல்லி வேறொரு ஊரின் கல்லூரி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வீட்டில் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, மனதுக்குள் கிளம்பியாயிற்று. வருகிறேன் என்று இன்று மாலை கல்லூரிக்குச் சொல்லிவிட இருந்தேன்.

"உன் குச்சி வேணுமா, என் மெஷினா?" என்று கேட்டுவிட்டு மெஷினையே எடுத்தார். முனை வேருக்குள் இறங்கி ரீங்கரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

"அந்தக் காலேஜ்லேர்ந்து காலையில போன் வந்துச்சு. நீ குளிச்சிட்டிருந்த. வரலன்னு சொல்லிட்டேன். நீ எப்படியும் அதத்தான் சொல்லியிருப்ப."

தலையை அசைக்க முடியாது. முனை உள்ளே இருந்தது. தொண்டையில் எழுந்த ஒலி ரப்பரில் முட்டித் திரும்பியது. இடது கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா?"

உடனே நிறுத்தினார். அவர் கை மென்மையானது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. விரிப்பின் ஓரத்தை விலக்கி இன்னொரு ஊசி போட்டார். கன்னம் மூக்குவரை காணாமல் போயிற்று. மறுபடி முனை இறங்கியது. நான் கையை இறக்கவில்லை.

அக்கா உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்காகத் தூக்கல போலிருக்கு டாக்டர்."

அவர் கருவியை நிறுத்தவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடியில் பச்சை ரப்பரும் ஒற்றைப் பல்லும் சின்னதாகத் தெரிந்தன. பக்கத்தில், எதையும் பிடித்துக்கொள்ளாமல், ஒரு கை நின்றிருந்தது.