நூற்றுக்கு முந்நூறு

"நூறு பிள்ளையில முந்நூறு பிள்ளை பள்ளிக்கூடம் வருமா?" அதிகாரி சென்னகிருஷ்ணன் தாளை மேசைமேல் எறிந்தார். சூளகிரி அலுவலகத்தில் அவர் ஒருவர்தான் சிரித்தார்.

புள்ளிவிவர உதவியாளர் சரோஜம்மாள் தாளை எடுத்து நேராக வைத்தாள். நாற்பது ஊர்களில் பாசன நிலம் நூற்றுக்கு எவ்வளவு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை என்று நடந்து நடந்து எழுதி, இரண்டையும் பொருத்தி அவள் கண்ட கெழு அது: மூன்று. நூறு ஏக்கரில் ஓர் ஏக்கர் கூடுதலாகத் தண்ணீர் கண்ட ஊரில், நூறு பிள்ளைகளில் மூன்று பேர் கூடுதலாகப் படித்தார்கள். தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் மாசியிலேயே பிள்ளைகளோடு பெங்களூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விடுவார்கள். கிணறு கேட்டு வந்திருந்த விவசாயி திம்மப்பனின் ஊரில் நூற்றுக்கு நாலு ஏக்கர். பொதுக்கிணறு வந்தால் எட்டு.

"நாலு எட்டாச்சுன்னா நூறு சதவீதம் ஏறுது. மூணால பெருக்கு. முந்நூறு" என்றார் சென்னகிருஷ்ணன்.

"கூடுறது நாலுதான் சார். நாமூணு பன்னெண்டு. நூத்துக்குப் பன்னெண்டு பிள்ளைங்க. நீங்க சொல்ற நூறு வேற அளவு. அதை இந்த மூணால பெருக்கக் கூடாது."

"ரெண்டும் சதவீதம்தானே?"

அரைமணி நேரமாக இதே கேள்வி. இத்தனை சிறிய விஷயம் நுழைய அத்தனை பெரிய தலையில் இடமில்லை.

வாசலில் மனுவோடு நின்ற திம்மப்பன் விரல்களை மடக்கிப் பார்த்தான். "நாலு எட்டானா நாலுதானுங்களே சாமி கூடுது?"

"உன்னைக் கேட்டனாய்யா? ராகிக்குக் களை எடுக்கறவன் எனக்குச் சதவீதம் சொல்றான்." அவளிடம் திரும்பினார். "கணக்குத் தப்பு, கிணறு வேண்டாம்னு கலெக்டருக்கு எழுதும்மா. சீக்கிரம். பஸ் வந்துரும்."

குறிப்புகள் தமிழில் இருக்கவேண்டும் என்று அந்த வருடம்தான் உத்தரவு வந்திருந்தது. தமிழில் வந்த எதையும் அவர் படித்ததில்லை. அது குமாஸ்தாக்களின் பாஷை.

அவள் எழுதினாள்: 'பாசனம் நாலு ஏக்கரிலிருந்து எட்டானால் நூறு பிள்ளைகளில் முந்நூறு பேர் பள்ளிக்கு வருவர் என்பது அதிகாரி அவர்கள் தாமே போட்ட கணக்கு. உதவியாளரின் கணக்கில் கூடுவது பன்னிரண்டு பேர். தாள் இணைப்பில். அதிகாரியின் கணக்கை ஏற்று, கிணறு வேண்டாம் என முடிவு.'

சென்னகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

"கெணறு வருமா தாயி?" என்றான் திம்மப்பன்.

அவள் மையொற்றும் தாளை எடுத்து அதிகாரி கையெழுத்திட்ட பெயர்மேல் வைத்து அழுத்தினாள். தூக்கியபோது, பெயர் இடவலம் மாறி, ஈரமாக, தாளில் கிடந்தது.