யோசெப்பின் மூன்றாவது பட்டினி

சத்திரசிகிச்சை விடுதியில் பயிற்சி டொக்டராக இருந்த சுதாஜினிக்கு அந்தக் கிழமை முழுக்க ஒரே வேலைதான். புருசனிடம் கடிதம் வாங்கிப் பெண்சாதியிடம் கொடுப்பது, பெண்சாதியிடம் ஏச்சு வாங்கிப் புருசனிடம் திரும்புவது.

புருசன் சத்திரசிகிச்சை நிபுணர் சிவகரன். பெண்சாதி பொது மருத்துவ நிபுணர் அருந்ததி. பத்து நாளுக்கு முன்னர் ஒருவரின் வயிற்று வலிக்கு அருந்ததி அபிப்பிராயம் கேட்டு எழுத, சிவகரன் ஆளையே பார்க்காமல், 'இது எங்கள் வருத்தமல்ல' என்று மூன்றே சொல்லில் திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் அதே ஆளின் குடல்வாலை அவரே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து, ஒரே குவாட்டர்சில் இருந்தும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேசவேண்டியதெல்லாம் ஆஸ்பத்திரித் தாளில்தான்.

இடையில் மாட்டிக்கொண்டவர் ஏழாம் கட்டில் யோசெப். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி, வருத்தம் குடலிறக்கம். கடல் கொந்தளிக்கும் இந்த மார்கழியிலேயே ஒப்பரேசன் முடிந்தால்தான் பங்குனியில் வலை இழுக்கலாம். சிவகரனோ வரும் சனிக்கிழமை மூன்று மாதப் பயிற்சிக்குக் கொழும்பு போகிறார். யோசெப்புக்குப் பிரஷர் வேறு. மருத்துவ நிபுணர் சம்மதிக்காமல் மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை ஒப்பரேசனுக்கென்று யோசெப்பைப் பட்டினி போட்டார்கள். 'பார்த்துச் சொல்லவும்' என்ற கடிதத்துக்கு, 'எதைப் பார்ப்பது? கேள்வியைக் காணவில்லை' என்று அருந்ததி எழுதினார். புதன்கிழமை மறுபடி பட்டினி. இம்முறை கேள்வி இருந்தது. 'கையெழுத்து விளங்கவில்லை. பன்னிரண்டு வருடமாகவே விளங்கவில்லை' என்று பதில் வந்தது. அதைச் சிவகரனிடம் கொடுத்துவிட்டுச் சுதாஜினி அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது பட்டினி.

"பிள்ளை, தவக்காலத்திலகூட நான் இப்பிடிக் கிடக்கேல்லை," என்றார் யோசெப்.

சுதாஜினிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. சிவகரன் தந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். மருத்துவ விடுதிக்குப் போய் அருந்ததிக்கு முன்னால் நின்றாள்.

"மேடம், கடிதம் தரமாட்டன். அந்த மனுசன் மூண்டாந்தரம் பட்டினி கிடக்கிறார். ஒருக்கா வந்து பாருங்கோ."

என்ன நினைத்தாரோ, அருந்ததி எழுந்து வந்தார். நெஞ்சைச் சோதித்தார், பிரஷர் பார்த்தார், யோசெப்பின் பட்டினிக் கதையை முழுதாகக் கேட்டார். 'ஒப்பரேசன் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். சுதாஜினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாளைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், யோசெப்பின் ஒரு கையில் பால் தேத்தண்ணி, மறு கையில் பாதி கடித்த பணிஸ். வாங்கிக் கொடுத்தவர் அருந்ததி.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவகரன் உள்ளே வந்தார். ஆர் சாப்பாடு கொடுத்தது என்று சுதாஜினியைக் கேட்டார். யோசெப் மெல்லுவதை நிறுத்தினார்.

"நான்தான்," என்றார் அருந்ததி. "பாவமாக் கிடந்தது, யோசிக்காமல் குடுத்திட்டன். பிழைதான்."

ஏச வாய் திறந்த சிவகரன் மூடிக்கொண்டார். 'பிழை' என்ற அந்தச் சொல் தன் வாயில் பத்து நாளாக வரவில்லை என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு மணி.

"ஆறு மணித்தியாலம் விடுவம். ரெண்டு மணிக்குச் செய்வம்."

தியேட்டர்க்காரர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் இரண்டு மணிக்கு ஒப்பரேசன் நடந்தது. அருந்ததி வாசலில் கதிரை போட்டு இருந்தார். மயக்கம் தெளிந்ததும் யோசெப் முதலில் கேட்டது, இனிச் சாப்பிடலாமோ என்றுதான்.

அதைக் கேட்டுச் சிரித்த சிவகரன், கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடிதத்தை நீட்டினார். சுதாஜினி அதை வாங்கிக்கொண்டு அருந்ததியிடம் நடந்தாள். வழியில் திறந்து பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

'நோயாளி: சத்திரசிகிச்சை நிபுணர், வயது நாற்பத்தாறு. பத்து நாளாகக் கடைச் சாப்பாடு. முன்னர் எழுதிய மூன்று சொல்லும் பிழை. கேள்வி: இன்றைக்கு வீட்டில் சாப்பிடலாமா?'

அருந்ததி இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை எடுத்து, கீழே எழுதினார்:

'ஆளைப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்ல முடியாது. நேரில் வரவும்.'