நீர் என்றும் நீங்க என்றும்

பெட்டிக்குள் படுத்திருந்த மனைவி புளோராவின் நெற்றி முடியை விமல்ராஜ் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, சபைப் பெண் ஒருத்தி மைக்கில் வாசிக்கத் தொடங்கினாள். புளோராவே எழுதிய கவிதை.

"என் நேசரே, நீர் வராத பகலில் விளக்கேற்றி வைத்து, இருட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்…"

பந்தலில் பெண்கள் விசும்பினார்கள். விமல்ராஜின் கை நின்றுவிட்டது. இன்றைக்குமா, என்று நினைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து புளோரா எழுதியதெல்லாம் கர்த்தருக்குத்தான். சபைப் பத்திரிகையில் மாதாமாதம் வரும். பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டும் விமல்ராஜின் கடைக்கே சபைக்காரர்கள் வந்து, "சிஸ்டர் எழுதினதப் படிச்சு அழுதுட்டேங்க" என்பார்கள். சிரித்து வைப்பார். ஏக்கம், கோபம், கொஞ்சல் எல்லாம் அங்கே போய்விடும். வீட்டுக்கு மிஞ்சியது, "கேஸ் புக் பண்ணிட்டீங்களா?", "சாப்பிட வாங்க." இன்னொரு ஆம்பளையாக இருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இங்கே ஞாயிறு தவறாமல் முழங்கால் போட வேண்டியிருந்தது.

ஒருமுறை கேட்டேவிட்டார். "எனக்கு ஒன்னு எழுதக் கூடாதா?"

புளோரா சிரித்தாள். "நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே."

அந்தப் பதில் அவருக்கு ஆறவேயில்லை. கர்த்தரும் பக்கத்திலேயே இருக்கிறார் என்று அவளே எழுதியிருக்கிறாளே!

பல மாதமாகப் படுக்கையில் கிடந்தவள். இன்று விடிந்ததும் விமல்ராஜ் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தபோது, கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"கதவத் தட்ட வேணாம்… நீங்க வர்ற சத்தம் எனக்குத் தெரியும்."

அப்புறம் பேச்சில்லை. மகள் கவிநிலா பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

எந்தக் கவிதையிலும் புளோரா கர்த்தரை 'நீங்க' என்றதில்லை, 'நீர்'தான். 'நீங்க' என்றது புருஷனை. அவர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தோசைக்கல்லை அடுப்பில் போடுகிறவள். ஆனால் அவர் எதற்குத் தட்டப் போகிறார், அவரிடம்தான் சாவி இருக்கிறதே? வாசலில் நின்று தட்டுகிறவர் கர்த்தர். சர்ச்சில் படமே மாட்டியிருக்கிறது. காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டபடி, மனசுக்குள் இதையே புரட்டிக்கொண்டிருந்தார்.

கவிதை முடிந்ததும் பாஸ்டர் அருகில் வந்தார்.

"பிரதர், இன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியாயிட்டா வேங்கிக்கால் ரோட்டத் தாண்ட முடியாது. சீக்கிரம் எடுத்துடலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சிஸ்டர் கடைசியா ஏதாவது சொன்னாங்களா? நினைவு அட்டையில போட்டுடலாம். ஜனங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

பெட்டியின் ஓரத்தில் தலை சாய்த்திருந்த கவிநிலா நிமிர்ந்தாள். "சொன்னாங்களாப்பா?"

சொன்னால், அச்சில் ஏறும்போது 'நீங்க' 'நீர்' ஆகிவிடும்.

"தண்ணி கேட்டா," என்றார் விமல்ராஜ். "குடுத்தேன்."

கவிநிலா மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள். பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கினார். பந்தலில் எல்லாரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள்.

விமல்ராஜ் மட்டும் மூடவில்லை. புளோராவின் விரல்களுக்குள் யாரோ செருகி வைத்திருந்த சிறிய சிலுவையை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டார். ஆமென் சொல்லும்வரை எடுக்கவில்லை.