கமலாதேவியின் வீண்நேரம்

டொக்டர் ஞானசேகரம் இங்கிலாந்திலிருந்து இரண்டு பொருட்களோடு திரும்பியிருந்தார். ஒன்று, கொம்பியூட்டர் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம். மற்றது, யார் வேலை செய்கிறார்கள், யார் செய்வதுபோல இருக்கிறார்கள் என்பதை ஒரு பார்வையிலேயே பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. பட்டத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நம்பிக்கையை மட்டும் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்.

அது எண்பதாம் ஆண்டு. துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி புதிதாகக் கொம்பியூட்டர் வாங்கியிருந்தது. கம்பெனிக் கந்தோரில் மனிதருக்கு இல்லாத குளிரூட்டி அதற்கு இருந்தது. எந்தக் கப்பலின் சரக்கு எந்தக் கிட்டங்கியில் கிடக்கிறது என்று அது சொல்ல வேண்டும். அதைச் சொல்லவைக்கும் புரோகிராமை எழுத மூன்று பேர். அந்த மூன்று பேரும் ஏன் இன்னும் கூடுதலாக எழுதுகிறார்களில்லை என்று ஆராய ஞானசேகரம். இந்த ஆராய்ச்சியைக் கொழும்பு மாநாட்டில் வாசித்தால் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் பதவி நிச்சயம் என்று அவர் காதில் போட்டிருந்தார்கள். ஆகவே உண்மையைக் கண்டறியும் ஆவல் அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது.

முறை மிகவும் எளிது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை வரி எழுதுகிறார் என்று எண்ணுவது. மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அவர் எண்ணத் தொடங்கினார். இரண்டு பேர் தலை நிமிராமல் எழுதினார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வயிற்றெரிச்சலைக் கிளப்பியவள் கமலாதேவி. ஆராய்ச்சியில் பெயர் போடும் வழக்கம் இல்லாததால் அவள் 'மூன்றாம் நபர்' ஆனாள்.

கமலாதேவி பேராதனையில் கணிதம் படித்தவள். சாம்பல்தீவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் இரண்டு தங்கைமாரின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவள் கொஞ்ச நேரம் எழுதிவிட்டு, தாள்களைத் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்து ஜமால்தீனின் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவாள். ஒருநாள் ஞானசேகரம் பின்னாலேயே போய்க் கடை வாசலில் நின்றார்.

"முதல்ல கொம்பியூட்டர் கப்பல்ர பேரைப் பாக்கும், நானா" என்று ஜமால்தீன் நானாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

"ம்" என்றார் ஜமால்தீன். அவர் காது முழுவதும் றேடியோவில் இருந்தது.

"பேர் இருந்தா கிட்டங்கி நம்பரை எடுக்கும்."

"ம்."

"நம்பர் இல்லையெண்டா அடுத்த கப்பலுக்குப் போயிடும். அப்ப அந்தச் சரக்கு..." கமலாதேவி தலையில் கை வைத்தாள். "ஐயோ, அது அந்தரத்தில எல்லோ நிக்கும்!"

தாளில் எதையோ வெட்டிவிட்டு அவள் ஓடினாள். அவள் போன பிறகும் ஜமால்தீன் பழக்கதோஷத்தில் இரண்டு 'ம்' கொட்டினார். கலாநிதிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: படித்த பெண் ஒருத்தி, வேலைநேரத்தில், கடைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். 'வீண்நேரம்' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த கிழமையே அவருடைய சிபாரிசின்படி கட்டளை பிறந்தது: இருக்கையை விட்டு எழும்பக்கூடாது, ஒருவரோடொருவர் கதைக்கக்கூடாது. வரிகள் மளமளவென்று கூடின. முகாமையாளர் சோமசேகரம் பூரித்துப்போனார். மூன்றாம் நபர் நிரந்தரமாக்கத் தகுதியற்றவர் என்ற குறிப்போடு அறிக்கை தலைமையகத்துக்குப் பறந்தது. இதற்கிடையில் கொம்பியூட்டர் சீமெந்தைப் பால்மாக் கிட்டங்கியில் இருப்பதாகச் சொன்னது. மூதூரிலிருந்து பசளை ஏற்ற வந்த லொறிக்கு நங்கூரச் சங்கிலி ஏற்றினார்கள். லொறிக்காரன் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

மாநாட்டுக் கட்டுரையின் அட்டவணையில் கடைசி நிரல் ஒன்று இருந்தது: எழுதியதில் எவ்வளவு சரியாக ஓடியது என்பது. வரி ஏற ஏற அந்த நிரல் இறங்கியது. எத்தனை தரம் கூட்டிப் பார்த்தும் ஞானசேகரத்துக்குக் காரணம் பிடிபடவில்லை. மண்டை கொதிக்க, கால் போன போக்கில் றோட்டைக் கடந்து ஜமால்தீன் கடையில் போய் இருந்தார்.

"என்ன சேர், முகம் வாடிக் கெடக்கு?"

"வரி கூடுது, நானா. பிழையும் கூடுது."

"ம்" என்றார் ஜமால்தீன். றேடியோவில் வெங்காய விலை போய்க்கொண்டிருந்தது.

"முந்தி வரி குறைவு. ஆனா ஓடினது."

"ம்."

"நான் ஒண்டும் பெரிசா மாத்தேல்ல. கதைக்கிறதை மட்டும்தான் நிப்பாட்டினனான். அப்ப முந்தி அந்தப் பிழையளை எங்க வைச்சு..."

இதே வாங்கில், இதே மனிதரிடம், கமலாதேவியைப்போலத் தானும் வாய்விட்டுச் சொல்லித்தான் பிழையைத் தேடிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தேத்தண்ணியைத் தொடாமல் சோமசேகரத்திடம் ஓடினார்.

"அறிக்கையைத் திருத்த வேணும். அந்தப் பிள்ளை செய்ததுதான் வேலை" என்றார் மூச்சு வாங்க.

"பிள்ளையை வேலையால நிப்பாட்டச் சொல்லி உத்தரவு வந்திட்டுது. காலமைதான் அவளிட்டச் சொன்னனான்" என்றார் சோமசேகரம். "இப்ப என்னெண்டு திருத்துவீங்கள்? தேத்தண்ணிக் கடைக்காரர் ம் கொட்டினாத்தான் கொம்பியூட்டர் ஓடும் எண்டோ? என்னையும் எல்லோ சேர்த்து அனுப்புவாங்கள். உங்கட பதவியையும் கொஞ்சம் யோசியுங்கோ, டொக்டர்."

டொக்டர் யோசித்தார். அவருக்கு எப்போதுமே ஆழமாக யோசிக்கும் பழக்கம். யோசித்து முடிக்கும்போது, திருத்தும் எண்ணம் எங்கேயோ நழுவிப்போயிருந்தது.

கமலாதேவி மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்பதான் விளங்கினது. நீங்கள் அங்க போய்ச் செய்ததும் வேலைதான்" என்றார் மெதுவாக.

"அது எனக்கு முந்தியே தெரியும், சேர். மாநாட்டில சொல்லுவீங்களோ?"

ஞானசேகரம் குளிரூட்டியைப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

"நல்லாப் பாருங்கோ. என்ர தங்கச்சிமாரின்ர பள்ளிக்கூடம் வழியிலதான் இருக்கு, வேலை போனதை நான் போய் அவையளுக்குச் சொல்லுறன்" என்றுவிட்டு அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கொழும்பு மாநாட்டில் கட்டுரை நன்றாக எடுபட்டது. கடைசி நிரல் இடமின்மை காரணமாகச் சேர்க்கப்படவில்லை. கேள்வி நேரத்தில் ஒரு முதிய பேராசிரியர் எழும்பினார். "உங்கள் மூன்றாம் நபரின் வீண்நேரம் இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று கேட்டார்.

உண்மை ஞானசேகரத்தின் தொண்டைவரை வந்தது. முன்வரிசையில், பதவி கொடுக்கும் பெரியவர்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு புன்னகையோடு காத்திருந்தார்கள்.

"இப்போது அவரால் ஒரு நிமிடமும் வீணாவதில்லை" என்றார்.

மண்டபம் கைதட்டியது. தான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் அவருக்கு விழுங்க முடியாமல் இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.