முடியாது என்று சொன்ன செடோமிர்

யுகோஸ்லாவியாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்த இலையுதிர் காலம் அது. வோய்வோதினா மாகாணத்தின் சார்பில் பெல்கிரேடுக்குப் பேசப் போனவர் எங்கள் தோழர் செடோமிர். நான் அவருடைய காரோட்டி. யாரிடமும் மறுத்துப் பேசத் தெரியாத மனிதர் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைநகரத்துக்குக் கோபம் வராது பாருங்கள்.

கோரிக்கை ஒன்றுதான். மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் அதன் உரிமைகளில் கை வைக்கக் கூடாது.

"தலைவர் ஒரு பார்வை பாத்தாலே நீ தலையாட்டிடுவே, செடோ," என்றாள் அவர் மனைவி இலொன்கா, கார்க் கதவைச் சாத்தியபடி.

"அதெல்லாம் பேசிடுவேன், போ."

பயத்தில் அவருக்கு நாக்கு வறண்டுபோகும். கூட்டத்தில் மேசையிலிருந்த சோடாத் தண்ணீரையெல்லாம் அவரே குடித்துத் தீர்த்தார். மாகாணங்களைப் பற்றிய பிரிவு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

"இதை இப்படியே முடிச்சிட்டு எந்திரிக்கலாம். எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார் கூட்டத் தலைவர்.

செடோமிர் நாற்காலி சாய எழுந்தார். "முடியாது தோழரே! இனிமே ஒரு நிமிஷம்கூட முடியாது!" என்று கத்திவிட்டுக் கதவை நோக்கி ஓடினார்.

அவர் ஓடியது கழிப்பறைக்கு. உள்ளே இருந்தவர்களுக்கோ அது வெளிநடப்பு. எங்களைப் போலவே இன்னொரு மாகாணமான கொசோவோவின் பிரதிநிதி எழுந்தார். "நியாயந்தானே?" என்று ஸ்லொவேனியக் குடியரசின் பிரதிநிதியும் எழுந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவரைத் தாழ்வாரத்தில் தலைவரே மறித்தார். "கோவப்படாதீங்க தோழர். உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க."

செடோமிருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று, மனப்பாடம் செய்திருந்த கோரிக்கையைக் கடகடவென்று ஒப்பித்தார். சாயங்காலத்துக்குள் அது வரைவில் ஏறிவிட்டது.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். "அவமானமா இருக்குப்பா. போனதும் உண்மையைச் சொல்லிடணும்."

செய்தி எங்களுக்கு முன்பே எங்கள் மாகாணத் தலைநகர் நோவி சாத்துக்குப் போய்விட்டிருந்தது. கட்சி அலுவலக வாசலில் அக்கார்டியன், பிளம்பழச் சாராயம், பெருங்கூட்டம். செடோமிர் உண்மையைச் சொல்ல வாயெடுத்ததும் செயலாளர் அவரைக் கட்டிப்பிடித்து, "அடக்கத்தைப் பாரு!" என்று கண்கலங்கினார்.

இலொன்காதான் அவரைக் கார் பக்கமாக இழுத்தாள். "நெஜமாவே நீயா கத்தினே?"

அவர் காதோடு சொன்னார். காரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவருடைய டையைச் சரிசெய்தாள்.

"கேட்டு வாங்கினது நீதானே? போ, ஜனங்க நிக்கிறாங்க. ரெண்டு வார்த்தை பேசு."

படியேறினார். முதலில் அதே கோரிக்கையை ஒப்பித்தார். பிறகு சர்க்கரை பீட்ரூட் விலை, ஐந்து மொழிப் பள்ளிக்கூடங்கள், வரிப்பணம் போகும் திசை என்று, குறிப்பே இல்லாமல் விளாசினார். கிளம்பவேண்டும் என்பதையே மறந்து நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.